மூன்று எஸ், மிஸ்

“மூன்று எஸ், மிஸ்.”

உயர்தரப் பெறுபேறு வந்த அன்று இரவு பத்தரை மணிக்குத் தொலைபேசியில் வந்த குரல். அழுது ஓய்ந்த குரல் என்று கேட்டவுடனேயே தெரிந்தது. பேசியவள் கொட்டாஞ்சேனை ஜம்பட்டா வீதிப் பிள்ளை. ஆறாம் ஆண்டில் வலைப்பந்தாட்ட அணிக்கு வந்த நாளிலிருந்து அவளை எனக்குத் தெரியும். தமிழ், இந்து நாகரிகம், புவியியல் என்று கலைப்பிரிவில் எழுதி, மூன்றிலும் சாதாரண சித்தி. கொழும்பு மாவட்டத்தில் அந்தப் பெறுபேற்றை வைத்துக்கொண்டு பல்கலைக்கழகத்தை நினைக்க முடியாது. அது அவளுக்கும் தெரியும். பிறகு எதற்கு எடுத்தாள் என்று நான் யோசிக்கும்போதே கேட்டாள்:

“விளையாடுற பிள்ளைகளுக்கு யூ.ஜீ.சி.யில வேறயா இடம் குடுக்கிறாங்களாமே மிஸ், எனக்குக் கிடைக்குமா?”

“தேசிய மட்டத்துச் சான்றிதழ் இருக்காம்மா?”

“மாகாணம் வரைக்கும்தான் இருக்கு.”

மாகாணத்தோடு ஏன் நின்றது என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இரண்டு பேருக்கும் தெரிந்த கதை.

அவள் சாதாரண தரம் எழுதவிருந்த வருடம் எங்கள் அணி மேல் மாகாணத்தில் தெரிவாகி முதல் தடவையாகத் தேசிய மட்டத்துக்குப் போனது. கொழும்பின் பெரிய பாடசாலைகளைத் தாண்டி அங்கே தெரிவாவது சின்ன விடயமில்லை. எங்கள் பாடசாலைக்கு மைதானம் கிடையாது. சீமெந்து முற்றத்தில் சோக்கால் கோடு கீறி, ஒரே ஒரு கம்பத்தில் எறிந்து பழகிய பிள்ளைகள். இவள் ‘கோல் ஷூட்’, மேலாடையில் ‘ஜீ.எஸ்.’ என்று எழுதியிருக்கும். பத்து எறிந்தால் எட்டு உள்ளே போகும். தேசியப் போட்டிக்கு மூன்று கிழமை இருக்கும்போது அவளுடைய அப்பா பாடசாலைக்கு வந்தார். புறக்கோட்டையில் இரும்புச் சாமான் கடையொன்றில் நிற்பவர். அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்திருந்தார்.

“மிஸ், கோவிச்சுக்காதீங்க. இவ ஓ.எல். எழுதப் போறா. கணக்குக்கும் விஞ்ஞானத்துக்கும் கிளாஸ் போட்டிருக்கேன். பந்து விளையாடினது போதும். நாங்கதான் படிக்கல, இவளாவது படிக்கட்டும்.”

மூன்று கிழமைதானே ஐயா என்று கெஞ்சிப் பார்த்தேன். அவர் கண் கலங்கிக் கும்பிட்டார். அதற்கு மேல் எனக்கு வாய் வரவில்லை.

வலைப்பந்தாட்டம் ஏழு பேர் ஆடும் ஆட்டம். எறிகிற பிள்ளை இல்லாமல் போன அணி முதல் நாளே இரண்டு ஆட்டமும் தோற்றுத் திரும்பியது. பஸ்ஸில் வரும்போது ஒருத்தியும் பேசவில்லை. அவள் ஒருத்திக்கு வரவேண்டிய சான்றிதழ் மட்டும் போகவில்லை, மற்ற ஆறு பேருக்கு வந்திருக்கக் கூடியதும் அன்றைக்கே போனது. பிறகு சாதாரண தரத்தில் கணிதத்துக்கு அவளுக்கு எஸ் வந்தது. அந்த மூன்று கிழமையும் விளையாடியிருந்தாலும் அதே எஸ் வந்திருக்கும் என்று நான் இன்றைக்கும் நம்புகிறேன்.

அந்த அப்பாவை நான் குறை சொல்ல மாட்டேன். காலி வீதியில் வெள்ளவத்தைச் சந்தையிலிருந்து பம்பலப்பிட்டி வரை நடந்து பாருங்கள். டியூஷன் வகுப்புப் பதாகைகளில் ஒன்பது ஏ எடுத்த பிள்ளைகளின் முகங்கள் வரிசையாகச் சிரிக்கும். விளையாடி முன்னுக்கு வந்த தமிழ்ப் பிள்ளையின் முகம் எந்தப் பதாகையிலும் இல்லை. தன் கண்ணுக்குத் தெரிந்த ஒரே பாதையில் மகளை அனுப்பினார் அவர். வேறு பாதை இருக்கிறது என்று அவருக்குக் காட்டியிருக்க வேண்டியவர்கள் நாங்கள்.

இருபத்தொன்பது வருடம் உடற்கல்வி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றிருக்கிறேன், பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுப்பதை மட்டும் விடவில்லை. பிறந்தது கொட்டாஞ்சேனை, கலியாணத்துக்குப் பிறகு வெள்ளவத்தை. எனக்கும் உயர்தரத்தில் எஸ்கள்தான் வந்தன. விளையாட்டு இல்லாவிட்டால் நான் ஆசிரியையாகியிருக்க மாட்டேன். அதனால்தான் இந்த இரண்டு ஊர்களிலும் ஒரே காரியம் திரும்பத் திரும்ப நடப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. படிப்பில் நடுத்தரம், விளையாட்டில் கெட்டி என்று ஒரு பிள்ளை தரம் பத்துக்கு வருகிறது. விளையாட்டை நிறுத்துகிறோம். அந்தப் பிள்ளையிடம் இருந்த மிகத் திறமான பாடத்தை நாங்களே பிடுங்கி வைத்துவிட்டு, பத்தொன்பது வயதில் “உன்னிடம் என்ன இருக்கிறது?” என்று கேட்கிறோம்.

அன்று இரவு அவள் விசாரித்த இடம் உண்மையில் இருக்கிறது. யூ.ஜீ.சி. என்கிற பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வழமையான அனுமதிக்குப் புறம்பாக விசேட அனுமதி என்று ஒன்று வைத்திருக்கிறது. விளையாட்டு, கலை, சாரணியம், கடேற் போன்ற இணைப்பாடவிதானத் துறைகளில் தேசிய மட்டத்திலோ சர்வதேச மட்டத்திலோ திறமை காட்டியும் வெட்டுப்புள்ளியை எட்டாமல் நின்றுவிட்ட பிள்ளைகளுக்கானது. இடங்கள் மிகச் சொற்பம். நாடு முழுவதிலும் இருந்து விண்ணப்பிப்பார்கள், சான்றிதழ்களைப் பார்த்துத் தெரிவு செய்வார்கள். ஆனால் விண்ணப்பிப்பதற்கே அடிப்படைத் தகுதி ஒன்று வேண்டும். ஒரே அமர்வில் மூன்று பாடத்திலும் குறைந்தது எஸ், சாதாரண பொதுப் பரீட்சையில் குறைந்தது 30 புள்ளி. அவள் அழுதாளே, அந்த மூன்று எஸ்ஸும் இந்தக் கதவுக்குச் செல்லும். மற்றப் பாதித் திறப்பை நாங்கள் தரம் பதினொன்றில் தொலைத்திருந்தோம்.

இந்த ஏற்பாடு நியாயமா, கூடப் புள்ளி எடுத்த பிள்ளை வெளியே நிற்கக் குறையப் புள்ளி எடுத்தவள் பந்து எறிந்ததற்காக உள்ளே போகலாமா என்று என்னிடம் நேரே கேட்ட ஆசிரியர்கள் உண்டு. வெள்ளவத்தையில் பெற்றோர் கூட்டமொன்றில் ஒரு தாய் எழுந்து கேட்டார். அவருடைய மகன் ஒரு மயிரிழையில் மருத்துவ பீடத்தைத் தவறவிட்டவன். அந்தத் தாயின் நோவு எனக்கு விளங்குகிறது.

ஆனால் புள்ளி மட்டுமே அளவுகோல் என்று இந்த நாடு எப்போது வைத்திருந்தது? பெரும்பாலான பாடநெறிகளில் 40 வீதமானோரே அகில இலங்கைத் திறமை அடிப்படையில் போகிறார்கள். 55 வீதம் மாவட்டங்களுக்கு, சனத்தொகைப்படி. 5 வீதம் கல்வி வசதி குறைந்த 16 மாவட்டங்களுக்கு. 2001இல் இசட் புள்ளி வந்த பிறகும் இந்தப் பங்கீடு இருக்கிறது. முல்லைத்தீவில் ஆய்வுகூடம் இல்லாத பாடசாலையில் படித்த பிள்ளையின் புள்ளியையும் கொழும்புப் பிள்ளையின் புள்ளியையும் ஒரே தராசில் நிறுக்கக் கூடாது என்று நாங்கள் ஒப்புக்கொண்டிருக்கிறோம். சரியாகவே ஒப்புக்கொண்டிருக்கிறோம். காலையில் ஐந்தரை மணிக்கு எழுந்து ஆறு வருடம் பயிற்சி எடுத்து, நாட்டின் முதல் மூன்று அணிக்குள் வந்த ஒரு பிள்ளையின் உழைப்பை இன்னொரு தட்டில் வைப்பதில் மட்டும் ஏன் கை நடுங்க வேண்டும்?

கொழும்பு நடுத்தரப் பிள்ளையின் நிலைமையை யாரும் பேசுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நாட்டிலேயே மிக உயர்ந்த வெட்டுப்புள்ளி விழுகிற மாவட்டங்களில் கொழும்பு ஒன்று. றோயல், விசாகா பிள்ளைகளோடு ஒரே மாவட்டப் பட்டியலில் நிற்கிறவள், ஜிந்துப்பிட்டியில் ஒற்றை அறை வீட்டில் தம்பி தங்கச்சிகளுக்கு நடுவில் படித்த பிள்ளை. வேறொரு மாவட்டத்தில் கலைப்பீடத்துக்கோ முகாமைத்துவத்துக்கோ போதுமான புள்ளி இங்கே போதாமல் போகிற பாடநெறிகள் உண்டு. தலைநகரில் வசிப்பது வசதி என்று கணக்கெழுதுகிறவர்களுக்குக் கொட்டாஞ்சேனைத் தோட்டங்களின் ஒடுக்கமான குடியிருப்புகள் தெரிவதில்லை. வேறெந்தப் பிள்ளையைக் காட்டிலும் விசேட அனுமதி தேவைப்படுகிறவள் இவள். அதைப் பற்றி அறியாதவளும் இவள்தான்.

இன்னொரு பிள்ளையின் கதையையும் சொல்லத்தான் வேண்டும். சொல்லாமல் விட்டால் நான் படிப்பைக் கைவிடச் சொல்கிறேன் என்று ஆகிவிடும். தட்டெறிதலில் தேசிய மட்டத்தில் பதக்கம் எடுத்தவள், வர்த்தகப் பிரிவு. கணக்கியல் எஸ், வணிகக் கல்வி எஸ், பொருளியல் எஃப். அந்த ஒரு எஃப்போடு எல்லாம் முடிந்தது. பதக்கத்தைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு என் முன்னால் இருந்தாள். உயர்தரத்துக்கு முந்திய ஆறு மாதமும் அவளை எறிய வைத்தேனே தவிர, பொருளியல் என்ன பாடு என்று ஒரு நாளாவது கேட்டேனா? கேட்கவில்லை. அந்தத் தவறு என்னுடையது.

அதற்குப் பிறகு என் பயிற்சி முறையை மாற்றினேன். பின்னேரப் பயிற்சி முடிந்ததும் முக்கால் மணித்தியாலம், வியர்வை காய்வதற்கு முன்பே, அதே சீமெந்து முற்றத்தில் பாய் விரித்துப் படிப்பு. பொருளியல் ஆசிரியர் ஒருவர் சம்பளம் வாங்காமல் கிழமைக்கு ஒரு நாள் வருவார். கேள்வி வழங்கல் வளைகோட்டை முற்றத்துச் சோக்குக் கோட்டுக்குப் பக்கத்திலேயே கீறிக் காட்டுவார். அவருக்கு நான் இன்றும் கடன்பட்டிருக்கிறேன். யாரும் மூன்று ஏ எடுக்கவில்லை. ஆனால் அந்தக் குழுவில் ஒரு பிள்ளைக்குக்கூட எஃப் வரவில்லை. அதில் ஒருத்தி இரண்டு எஸ், ஒரு சீ எடுத்து, கையில் தேசியச் சான்றிதழோடு வோட் பிளேஸுக்கு, ஆணைக்குழு அலுவலகத்துக்கு, என்னோடு முச்சக்கர வண்டியில் வந்தாள். மூன்று தடவை போனோம். மூன்றாம் முறை அவளே பேசினாள், நான் வாசலில் நின்றேன். இன்று பட்டதாரி ஆசிரியை.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் விளையாட்டுக்காக ஆள் எடுக்கின்றன என்று கேள்விப்பட்டுப் பெற்றோர் இப்போது அதைப் பற்றியும் கேட்கிறார்கள். அதற்கு எங்கள் மண்ணிலேயே முன்னுதாரணம் இருக்கிறது. யாழ்ப்பாணம் பெரியவிளானைச் சேர்ந்த நாகலிங்கம் எதிர்வீரசிங்கம். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி மாணவன். விழுவதற்கு மெத்தை இல்லாத காலத்தில் உயரம் பாய்ந்தவர். 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்குக்குப் போனபோது அவருக்குப் பதினெட்டு வயதுகூட நிரம்பவில்லை. 1956இல் மெல்பேர்ண். 1958இல் டோக்கியோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் 2.03 மீற்றர் பாய்ந்து எடுத்த தங்கம், ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் இலங்கைக்குக் கிடைத்த முதல் தங்கம். லொஸ் ஏஞ்சல்ஸில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில், யூ.சி.எல்.ஏ. என்கிறார்களே, அங்கே படித்து அதன் மெய்வல்லுநர் அணிக்காகப் பாய்ந்தார். 1960இல் ரோம் ஒலிம்பிக்கில் பத்து நிகழ்ச்சிப் போட்டியில் தங்கம் வென்ற ரேஃபர் ஜோன்சனும் வெள்ளி வென்ற தாய்வானின் சி.கே. யாங்கும் அதே பல்கலைக்கழகத்து ஆட்கள். எதிர்வீரசிங்கம் பிறகு கோர்னெல் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றார். 2024இல் அவர் காலமான செய்தி வந்தபோது வெள்ளவத்தையில் எத்தனை வீடுகளில் பிள்ளைகளுக்கு அவரைப் பற்றிச் சொன்னார்கள் என்று தெரியவில்லை. நான் சனிக்கிழமைப் பயிற்சிக்கு வரும் என் பிள்ளைகளைச் சுவரோரம் நிற்கவைத்து, தரையிலிருந்து 2.03 மீற்றருக்குச் சோக்கால் ஒரு கோடு போட்டுக் காட்டினேன். அண்ணாந்து பார்த்தார்கள். ஒருத்தி கை நீட்டித் துள்ளிக் கோட்டைத் தொட்டுப் பார்த்தாள். அந்தக் கோட்டுக்கு மேலால் உடம்பு முழுக்கப் போக வேண்டும் என்று சொன்னதும் எல்லோரும் அமைதியாகிவிட்டார்கள்.

ஆனால் இந்தப் பாதையில் ஏமாறுவதற்கும் இடமிருக்கிறது. கொட்டாஞ்சேனைப் பையன் ஒருவன், நல்ல கூடைப்பந்தாட்டக்காரன். அமெரிக்காவில் முழுப் புலமைப்பரிசில் எடுத்துத் தருகிறோம் என்ற ஒரு முகவருக்கு அவனுடைய தகப்பன் நகையை அடகு வைத்துப் பணம் கட்டினார். ஒரு வருடம் கழித்து வந்தது எங்கோ ஒரு கல்லூரியின் சாதாரண அனுமதிக் கடிதம். விளையாட்டைப் பற்றி ஒரு சொல் இல்லை, முழுக் கட்டணமும் கட்ட வேண்டும். நகை மீளவில்லை.

அதனால் பெற்றோர் சில விபரங்களைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. என்ற அமைப்பின் முதலாம் பிரிவில் விளையாட, உயர்நிலைப் பள்ளியில் 16 அடிப்படைப் பாடங்களில் சராசரி குறைந்தது 2.3 வேண்டும். நான்கில் 2.3 என்றால் நடுத்தரப் பிள்ளை எட்டக்கூடியதுதான். இரண்டாம் பிரிவில் 2.2. மூன்றாம் பிரிவில் விளையாட்டுக்கென்று புலமைப்பரிசிலே கிடையாது. அடுத்தது இதைவிட முக்கியம். எங்கள் பிள்ளைகள் அதிகம் ஆடுவது கிரிக்கெட்டும் வலைப்பந்தாட்டமும். இரண்டும் என்.சி.ஏ.ஏ. போட்டிகளில் இல்லை. மெய்வல்லுநர், நீச்சல், கூடைப்பந்து, உதைபந்து, டெனிஸ் இருக்கின்றன. வலைப்பந்தாட்டப் பிள்ளைக்கு அமெரிக்கப் புலமைப்பரிசில் எடுத்துத் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள். அங்கே போனவர்களும் வருடா வருடம் படிப்பில் குறித்த அளவு முன்னேறினால்தான் அணியில் நிற்கலாம். புத்தகத்தை மூடிவிட்டு ஓடுகிற பிள்ளைக்கு உலகத்தில் எந்தப் பல்கலைக்கழகத்திலும் இடமில்லை.

உள்நாட்டில் விளையாட்டுக்காரருக்கு மிகப் பெரிய தொழில் வாசல் முப்படைகள். சுசந்திகா ஜயசிங்கவையும் இராணுவம்தான் எடுத்து வளர்த்தது. 2000ஆம் ஆண்டு சிட்னியில் 200 மீற்றரில் அவர் பெற்ற பதக்கம் பின்னர் வெள்ளியானது எல்லோரும் அறிந்தது. தேசிய மெய்வல்லுநர் போட்டிகளின் பெறுபேற்றுத் தாளைப் பாருங்கள், பெயருக்குப் பக்கத்தில் இராணுவம், கடற்படை, விமானப்படை என்று நிறைந்திருக்கும். சிங்களக் கிராமத்துப் பிள்ளைக்கு அது சம்பளம், பயிற்சியாளர், சத்தான சாப்பாடு, ஓய்வூதியம். எங்கள் வீடுகளில் அந்த வாசலைப் பற்றிப் பேச்சே எழாது. காரணத்தை நான் விளக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு புகைப்படத்துக்கு மாலை போட்டிருக்கிறது. அதனால் மற்ற வாசல்கள் எங்கள் பிள்ளைகளுக்கு இன்னும் அகலமாகத் திறந்திருக்க வேண்டும் என்பதுதான் என் வாதம்.

வங்கிகளும் தனியார் நிறுவனங்களும் அப்படி ஒரு வாசல். வர்த்தக நிறுவனங்களுக்கிடையிலான போட்டிகளுக்காக அவை விளையாட்டு வீராங்கனைகளை வேலைக்கு எடுக்கின்றன. ஏழாலைக்குப் பக்கத்தில் ஈவினையில் பிறந்த தர்ஜினி சிவலிங்கம் செலான் வங்கி அணிக்காக ஆடியவர். ஆறடிக்கு மேல் இன்னும் பத்து அங்குலம் உயரம். அந்த உயரத்தைப் பார்த்துச் சனங்கள் கேலி செய்த ஊர்களிலிருந்து வந்து, 2009இலும் 2018இலும் இலங்கை ஆசிய வலைப்பந்தாட்டச் சம்பியனாவதற்குக் காரணமானார். 2011 உலகக் கிண்ணத்தில் மிகச் சிறந்த கோல் எறிபவராகத் தெரிவானார். ஈவினைப் பிள்ளைக்கு நடந்தது பொன்ஜீன் வீதிப் பிள்ளைக்கும் நடக்கலாம். சப்ரகமுவப் பல்கலைக்கழகத்தில் உடற்கல்விக்கென்றே பட்டப்படிப்பு இருக்கிறது, அதற்கு உளச்சார்புப் பரீட்சையும் உண்டு, தனியாக விண்ணப்பிக்க வேண்டும். தேசிய கல்வியியற் கல்லூரிகளிலும் உடற்கல்விப் பாடநெறி உண்டு. தமிழ் மொழிமூலப் பாடசாலைகளுக்கு உடற்கல்வி ஆசிரியர் போதாது என்பதை ஒவ்வொரு அதிபரும் சொல்வார். ஆளில்லாமல் வேலை கிடக்கிறது, வேலையில்லாமல் பிள்ளை கிடக்கிறாள்.

இவற்றுக்கெல்லாம் இடையில் ஒரு சின்னக் காகிதம் நிற்கிறது. சான்றிதழ். அதை நாங்கள் படுத்துகிற பாட்டைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. மாகாணச் சான்றிதழ் வலயக் கல்விக் காரியாலயத்திலிருந்து பாடசாலைக்கு வரும். பாடசாலைக்கு வந்தது அதிபரின் அலுமாரிக்குள் போகும். அதிபர் மாறுவார், அலுமாரி மாறும். பெயர் பிழையாக எழுதப்பட்டிருக்கும். தமிழ்ப் பெயர்கள் சிங்களத்தில் எழுதப்பட்டு மறுபடி ஆங்கிலத்துக்கு வரும்போது ஒரு எழுத்து கூடும், ஒரு எழுத்து குறையும். அடையாள அட்டையில் ஒரு பெயர், சான்றிதழில் இன்னொரு பெயர். திருத்துவதற்கு மூன்று அலுவலகம் ஏற வேண்டும். நேர்முகத் தேர்வுக்கு முதல் நாள் இரவு இதைக் கண்டுபிடித்து விடிய விடிய அழுத பிள்ளைகளை எனக்குத் தெரியும். நான் வேலை செய்த கடைசிப் பத்து வருடமும் என் அணியின் ஒவ்வொரு பிள்ளைக்கும் நீல நிறக் கோவை ஒன்று வைத்திருந்தேன். ஒவ்வொரு சான்றிதழும் வந்த அன்றே பெயரைப் பிறப்புச் சான்றிதழோடு ஒப்பிட்டு, மூன்று பிரதி எடுத்து, மூலப்பிரதியைத் தாயின் கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்கினேன். இதற்குச் சுற்றறிக்கை தேவையில்லை, நிதி தேவையில்லை. ஒவ்வொரு தமிழ்ப் பாடசாலையிலும் ஒரு ஆசிரியர் இதைச் செய்தால் போதும். விசேட அனுமதிக்கும் உளச்சார்புப் பரீட்சைகளுக்கும் பத்திரிகையில் வரும் அறிவித்தலை வெட்டி, உயர்தர வகுப்பின் கரும்பலகைக்குப் பக்கத்தில் ஒட்டுகிற வேலையையும் அவரே செய்யலாம்.

பழைய மாணவர் சங்கங்களிடம் ஒன்று கேட்கிறேன். லண்டனிலும் டொரொண்டோவிலும் கொழும்பிலும் நீங்கள் வருடாந்த ஒன்றுகூடல் வைக்கிறீர்கள், பரிசளிப்பு விழாவில் முதலாம் பிள்ளைக்குத் தங்கப் பதக்கம் தருகிறீர்கள். நல்லது, தாருங்கள். மைதானமில்லாத பாடசாலைகளின் பிள்ளைகளுக்குக் கிழமைக்கு இரண்டு நாள் ஒரு மைதானத்தை வாடகைக்கு எடுத்துக் கொடுங்கள். கொட்டாஞ்சேனையிலிருந்து சுகததாச விளையாட்டரங்கு நடந்து போகிற தூரம். அந்த விளக்குக் கம்பங்கள் எங்கள் பிள்ளைகளின் மொட்டை மாடிகளிலிருந்து தெரிகின்றன. தங்கள் வீட்டிலிருந்து தெரிகிற மைதானத்துக்குள் வாழ்நாளில் ஒரு தடவைகூடக் கால் வைக்காமல் வளர்ந்த பிள்ளைகள் என்னிடம் வந்திருக்கிறார்கள்.

டியூஷன் ஆசிரியர்களை நான் எதிரியாக நினைக்கவில்லை. அவர்களிலும் பலர் ஒரு காலத்தில் விளையாடியவர்கள். வகுப்பு நேரத்தை அரை மணித்தியாலம் தள்ளி வைக்கச் சொன்னால் பெரும்பாலும் மறுப்பதில்லை. யாரும் அவர்களிடம் கேட்பதில்லை என்பதுதான் உண்மை.

அந்தப் பிள்ளை, மூன்று எஸ், இப்போது ஒரு மருந்தகத்தில் காசாளராக நிற்கிறாள். மாலைகளில் தொழிற்பயிற்சி ஒன்று படிக்கிறாள். போன தைப்பொங்கலுக்கு அப்பாவோடு என் வீட்டுக்கு வந்தாள். சர்க்கரைப் பொங்கலைக் கையில் வைத்துக்கொண்டு அந்த மனிதர் வெகு நேரம் சாப்பிடாமல் இருந்தார். “அப்பவே நீங்க சொன்னீங்க மிஸ்” என்றார். மேலே ஒன்றும் சொல்லவில்லை. அவருடைய இளைய மகள் அப்போது தரம் ஒன்பது. அக்காவைவிட உயரம்.

இந்த வருடம் அவள் தரம் பத்து. வெள்ளவத்தையில் கணித வகுப்பு, புதன்கிழமை நாலரைக்கு. என் பயிற்சி முடிவது நாலரைக்கு. தை மாதமே அந்தக் கணித ஆசிரியரைப் போய்ப் பார்த்தேன். இளைஞர், காலி வீதியில் ஒரு மாடி அறையில் அறுபது பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறார். கடைசி வாங்கில் கதவோரம் ஒரு இடம் வைத்துக்கொள்கிறேன் மிஸ், இருபது நிமிடம் பிந்தி வந்தாலும் பரவாயில்லை, விட்ட கணக்கைக் கடைசியில் சொல்லித் தருகிறேன் என்றார். இப்போது ஒவ்வொரு புதனும் அவளுடைய அப்பா கடையில் சொல்லிவிட்டு நாலரைக்கு வாசலில் வந்து நிற்கிறார். ‘ஜீ.எஸ்.’ என்று எழுதிய மேலாடையைக் கழற்ற நேரமில்லாமல் அதன் மேலேயே புத்தகப் பையை மாட்டிக்கொண்டு அவள் ஓடி வர, இரண்டு பேருமாகக் காலி வீதி பஸ்ஸைப் பிடிக்கிறார்கள்.